34 வயதுக்காரரை ஞாயிறு பள்ளியில் உட்கார வைக்கலாமா?

கேள்வி இதுதான். அறிவுசார் குறைபாடுள்ள 34 வயது மகனை ஒரு தாய் சபைக்கு அழைத்து வருகிறார். ஆராதனை நடுவே அவர் சத்தம் போடுகிறார், எழுந்து நடக்கிறார். அதனால் அவரைச் சிறுவர்களின் ஞாயிறு பள்ளி வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். அங்கே படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறாராம். இது சரியா, வேறு என்ன செய்யலாம் என்று சபையார் கேட்கிறார்கள்.

சரியில்லை. அவர் அங்கே சந்தோஷமாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் வயது வந்த ஆண். "ஆறு வயசுப் பிள்ளையோட புத்தி" என்ற கணக்கை யாரோ சொல்லியிருப்பார்கள், அதை நம்பித்தான் இந்த ஏற்பாடு நடந்திருக்கும். அந்தக் கணக்கு, அறிவுத்திறன் சோதனையில் எடுத்த மதிப்பெண்ணை வயதாக மாற்றிச் சொல்வது மட்டுமே. 34 வருடம் வாழ்ந்தவருக்கு 34 வருட நினைவுகள் உண்டு, பிடித்தது பிடிக்காதது உண்டு, வயதுக்கேற்ற உடலும் ஆசையும் உண்டு. சொந்தத்தில் யாரையாவது அடக்கம் பண்ணிய துக்கமும் இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு இவையெல்லாம் இந்த அளவில் கிடையாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. சிறுவர் நடுவே ஒரே ஒரு பெரியவரை உட்கார வைத்தால், நாளைக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வெளியே வந்தாலே எல்லோர் பார்வையும் அவர் பக்கம்தான் திரும்பும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அவருடைய மரியாதைக்கும் இந்த ஏற்பாடு நல்லதில்லை.

அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. புதிதாகக் கற்பதிலும் யோசித்து முடிவெடுப்பதிலும் கணிசமான சிரமம், அன்றாட வாழ்க்கையை நடத்துவதில் சிரமம், இவை வளர்பருவத்திலேயே தொடங்கியிருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அறிவுசார் குறைபாடு என்பார்கள். மக்கள்தொகையில் ஏறக்குறைய 100க்கு ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இலேசான அளவில்தான். 500 பேர் கூடும் சபையில் இப்படி ஒருவர்கூட இல்லையென்றால், அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் மாற்றம் நம் பேச்சில். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இருபது வயதுப் பையன் வந்து இவரிடம் "என்னடா, சாப்பிட்டியா?" என்பான், அதே பையன் பக்கத்தில் நிற்கும் இன்னொரு 34 வயதுக்காரரிடம் "சாப்ட்டீங்களாண்ணே?" என்பான். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் புரியாது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே புரியும். சபையில் அந்த வயதுக்காரரை 'பிரதர்' என்றோ 'அண்ணன்' என்றோ அழைப்பது வழக்கமென்றால் இவரும் பிரதர்தான், அண்ணன்தான். அம்மாவைப் பார்த்து "இவன் காப்பி குடிப்பானா?" என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து, "காப்பி வேணுமா, தண்ணி வேணுமா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். பெரும்பாலானவர்கள் மூன்றாவது நொடியிலேயே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டுவிடுவார்கள். அவருக்கு அது புதுக் கேள்வி. பாதி யோசித்ததை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிலே வரவில்லை என்று நாம் நினைக்கும் பல இடங்களில், வர நாம் விடவில்லை என்பதே உண்மை. 'கடவுளின் குழந்தை', 'தெய்வக் குழந்தை' என்ற பட்டங்களும் அன்போடுதான் சொல்லப்படுகின்றன. ஆனால் குழந்தை என்று பேர் வைத்துவிட்டால் பிறகு ஒரு பொறுப்பையும் கொடுக்க மனசு வராது.

அடுத்ததாக, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் போதும். எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும், 'ஆம்', 'இல்லை' என்பதை எப்படிச் சொல்வார் அல்லது காட்டுவார், எதைக் கண்டால் கலங்குவார், எது அமைதிப்படுத்தும், வலிப்பு உண்டா, சாப்பிடும்போது புரையேறுமா, கழிவறைக்கு உதவி வேண்டுமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அவரும் உடன் உட்கார்ந்திருக்கும்போதுதான் எழுத வேண்டும். அவர் தலைக்கு மேலே அம்மாவும் போதகரும் பேசி முடிப்பது கூடாது. அந்தத் தாள் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

இனி, அவர் ஏன் எழுந்து நடக்கிறார் என்பது. நான்கு ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மணிக்கு எழுந்தார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எழுந்த பிறகு என்ன கிடைத்தது என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வைத்திருப்பார்கள். டிரம்ஸ் தொடங்கியதும் காதைப் பொத்துவார், இரண்டாவது பாட்டில் எழுந்துவிடுவார். அப்படியென்றால் இடத்தை மாற்றுங்கள், காதை மூடும் ஹெட்போன் கொடுங்கள். அல்லது பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டும்போது எழுவார். எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பது எல்லோருக்கும் கஷ்டம்; கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கு அதற்கு முடிவே இல்லை. சிறுநீர் வந்தும் எழுவார். இதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால், கத்தினால், முதலில் வலியைச் சந்தேகியுங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி ஆகியவற்றை வாயால் சொல்ல முடியாதவர்கள் நடத்தையால்தான் சொல்கிறார்கள். ஜெபத்தோடு மருத்துவரிடம் காட்டவும் சொல்லுங்கள்.

காத்திருக்கும் கஷ்டத்துக்கு நல்ல மருந்து அட்டைகள். அரை அடி அகலப் பலகையில் ஆறு அட்டைகளை மேலிருந்து கீழாக ஒட்டவைக்க வேண்டும்: பாட்டு, ஜெபம், காணிக்கை, பிரசங்கம், கடைசிப் பாட்டு, வீட்டுக்குப் போகும் வழி. ஒவ்வொன்றிலும் உங்கள் ஆலயத்திலேயே எடுத்த புகைப்படம் இருக்கட்டும், கடையில் கிடைக்கும் கார்ட்டூன் வேண்டாம். உங்கள் காணிக்கைப் பையின் படத்தைப் பார்த்தால் அது இன்னதென்று அவருக்கு உடனே தெரியும். கோட்டோவியம் என்றால் அதையும் தனியே கற்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் அவரே அந்த அட்டையைப் பிய்த்துப் பின்னால் உள்ள பைக்குள் போட வேண்டும். பலகையில் மீதி இருப்பதைப் பார்த்தாலே இன்னும் எவ்வளவு என்று புரிந்துவிடும். பல சபைகள் அட்டையைச் செய்துவிட்டு, பிய்த்துப் போடும் வேலையை உதவியாளரே செய்துவிடுகின்றன. அப்போது அது வெறும் படம் ஆகிவிடுகிறது. பிரசங்க அட்டையை இரண்டாகப் பிரித்து, நடுவில் வெளியே ஐந்து நிமிடம் நடந்துவரும் அட்டை ஒன்று வைக்கலாம். தானே எழுந்து போவதற்கும் அட்டையில் உள்ளபடி போய்த் திரும்புவதற்கும் அவர் மனதில் பெரிய வித்தியாசம் உண்டு. போகும் இடம் தண்டனை அறை போல இருக்கக் கூடாது. ஓர் ஓரத்தில் இரண்டு நாற்காலி, குறைந்த வெளிச்சம், ஆராதனைச் சத்தம் மெலிதாகக் கேட்கும் தூரம், இவ்வளவுதான் வேண்டும்.

உட்கார வழியோரம், கதவுக்குப் பக்கம் என்று இடம் பாருங்கள். கடைசி வரிசை வேண்டாம். அங்கிருந்து முதுகுகள்தான் தெரியும்.

பிரசங்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "இயேசு உன் இதயத்துக்குள் வருவார்" என்றால் நெஞ்சைக் கிழிப்பார்கள் என்று பயப்படுபவர் உண்டு. "இரத்தத்தால் கழுவப்படுதல்" இன்னும் மோசம். ஒவ்வொரு பிரசங்கத்திலும் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், எல்லோருக்கும் புரியும்படி இருக்கட்டும்; அதைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருளும் இருந்தால் நல்லது. நல்ல மேய்ப்பன் என்றால் ஒரு கோல், விதைக்கிறவன் என்றால் ஒரு பிடி விதை. பொருளைச் சபை முழுவதும் சுற்றிவர விடுங்கள். அவருக்கு மட்டும் கொடுத்தால் மறுபடியும் அது பொம்மை ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலை. வயது வந்தவர்களுக்குச் சபையில் வேலை இருக்கிறது, விருந்தாளிக்குத்தான் இல்லை. வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் எட்டு: மேசைக்குப் போவது, பத்துப் புத்தகத்தை இடக்கையில் அணைத்துக்கொள்வது, வாசலில் தன் இடத்தில் நிற்பது, வருபவரைப் பார்ப்பது, வலக்கையால் ஒன்றை எடுப்பது, நீட்டுவது, அவர் பிடித்த பிறகு விடுவது, வணக்கம் சொல்வது. கற்றுக்கொடுக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் மற்றதையெல்லாம் உதவியாளர் செய்யட்டும். விடுவதும் வணக்கமும் மட்டும் இவருடையது. அது கைவந்ததும் நீட்டுவதும் இவருடையது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது ஒவ்வொரு வாரமும் வேலையை முடிக்கிற ஆள் அவராகவே இருப்பார். முதலிலிருந்து தொடங்கினால் முடிப்பது எப்போதும் வேறொருவர். நிற்கும் இடத்தைக் காட்டத் தரையில் ஒரு பட்டை ஒட்டினால் போதும், தோளைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. பேச்சு வராதவர் என்றால், ஒரே ஒரு செய்தியைப் பதிவுசெய்யும் பட்டன் கருவி கிடைக்கிறது. அதில் வணக்கத்தையோ 'ஆமென்' என்பதையோ பதிந்து கொடுங்கள். அவர் வயதுக்கு ஒத்த ஆண் குரலில் பதியுங்கள், குழந்தைக் குரல் வேண்டாம்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, பிறந்தநாள் போல ஒரு நாள் மட்டும் அவரை மேடையேற்றிக் கைதட்டிவிட்டு மறுவாரம் மறந்துவிடுவது. பணிப் பட்டியலில் அவர் பெயர் மற்றவர் பெயரோடு அச்சாக வேண்டும். தவறு செய்தால் மற்றவரிடம் சொல்வது போலவே, தனியாக, மெதுவாகச் சொல்ல வேண்டும்.

ஞானஸ்நானம் (திருமுழுக்கு), திருவிருந்து (நற்கருணை) இரண்டையும் இவருக்குக் கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சபைக்குச் சபை போதனை வேறுபடும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைக்கே நற்கருணை கொடுக்கின்றன. அங்கே இந்தக் கேள்வியே எழாது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, சட்டம் தடுக்காத எந்தத் திருமுழுக்குப் பெற்றவரையும் நற்கருணைக்கு அனுமதிக்க வேண்டும் என்கிறது (சட்ட எண் 912). உடலாலோ மனத்தாலோ தடைப்பட்டவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு ஏற்ற அளவில் மறைக்கல்வி கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை என்றும் சொல்கிறது (777). விசுவாச அறிக்கைக்குப் பிறகே ஞானஸ்நானம் என்னும் சபைகளில்தான் கேள்வி கூர்மையாகிறது.

அங்கே ஆம்-இல்லைக் கேள்வி உதவாது. "இயேசுவை ஏற்றுக்கொள்கிறீங்களா?" என்றால் "ஆமா" என்பார். "ஏற்றுக்கொள்ளவில்லையா?" என்றாலும் "ஆமா" என்பார். பெரியவர்களுக்கு ஒத்துப்போனால்தான் பிரச்சினை வராது என்று வாழ்நாள் முழுக்கக் கற்றவர் அவர். இரண்டு படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வரிசையை மாற்றிக் காட்டுங்கள், ஏனென்றால் கடைசியாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் பலரிடம் உண்டு. மூன்று வெவ்வேறு நாளில் ஒரே பதில் வந்தால் அதை அவர் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். வார்த்தைக்கு வெளியேயும் பாருங்கள். ஜெபத்தில் அமைதியாகிறாரா, அப்பம் பகிரும்போது கையை நீட்டுகிறாரா, தன்னைத் தாண்டிப் போனால் வருந்துகிறாரா. "சரீரம் இன்னதென்று நிதானித்து அறிய வேண்டுமே" என்று 1 கொரிந்தியர் 11ஐக் காட்டி மறுப்பவர்கள் அந்த அதிகாரத்தைச் சற்று முன்னாலிருந்து வாசிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைத்தான் பவுல் அங்கே கண்டிக்கிறார். பலவீனரைப் பந்தியிலிருந்து விலக்க அந்த வசனத்தையே எடுப்பது தலைகீழான வாசிப்பு.

கொடுப்பதற்கு முன் ஒத்திகை பாருங்கள். ஆராதனை இல்லாத நாளில், அர்ப்பணிக்காத அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வைத்து, அதே இடத்தில், அதே ஆள், அதே வார்த்தையோடு நான்கைந்து முறை. விழுங்குவதில் சிரமம் இவர்களிடையே அதிகம். உலர்ந்த மெல்லிய அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கால் பங்காக உடைத்து, தோய்த்துக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்கி முடித்த பிறகு எழட்டும். தண்ணீர் போன்ற பானம் புரையேறும் என்று மருத்துவர் தடுத்திருந்தால் ரசமே கூடாது, அப்பம் போதும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் மற்றவர்களைவிட அதிகம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குணமாக்கும் ஜெபம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கேட்காமல் தலையில் கைவைத்து, கூட்டத்துக்கு நடுவே சத்தமாக ஜெபிப்பது அவரைக் கலவரப்படுத்தும். அதைவிடப் பெரிய காயம், "நீ இப்படி இருப்பது சரியில்லை" என்ற செய்தி வாரந்தோறும் அவருக்குப் போவது. பர்திமேயு பார்வையில்லாதவர் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபோதும், என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறாய் என்று இயேசு அவரையே கேட்டார். இவரிடமும் கேளுங்கள். முழங்கால் வலிக்காகவோ காணாமல்போன பூனைக்காகவோ ஜெபிக்கச் சொல்வார், அதற்காக ஜெபியுங்கள். பெற்றோரின் பாவம், சாபம் என்று யாராவது முணுமுணுத்தால் யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைப் போதகரே சபையில் வாசித்து முடிவுகட்ட வேண்டும்.

வலிப்பும் இவர்களிடையே அதிகம், அது பிசாசு கிடையாது. நேரத்தைக் குறியுங்கள், சுற்றியுள்ள நாற்காலிகளை விலக்குங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ்.

பாதுகாப்பு விதிகளைப் 'நம்ம சபைதானே' என்று விட்டுவிடாதீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். பூட்டிய அறையில் ஒருவரோடு ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. கழிவறை உதவி, அவரும் குடும்பமும் பெயர் சொன்ன ஆளிடம் மட்டும். வாகனத்தில் அழைத்துப்போக இருவர். பணம் கொடுக்கல் வாங்கல் அறவே வேண்டாம். நல்ல பெயர் எடுத்தவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகங்களை 1964இல் பிரான்ஸில் தொடங்கியவர் ழான் வானியே. உலகமே மதித்தவர். 2019இல் அவர் இறந்த பிறகு, 2020இல் லார்ஷ் அமைப்பே வெளியிட்ட விசாரணை அறிக்கை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் குறைந்தது ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதை வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் குறைபாடுள்ளவர்கள் அல்லர். அவர்களுக்கே அந்த நிலை என்றால், நடந்ததைச் சொல்லவே முடியாதவர்கள் இருக்கும் சபையில் யாருக்கும் விதிவிலக்கு கொடுக்க முடியாது.

இவர் எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறார் என்றால் சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். ஆலயத்தில் பாராட்டு வாங்கித்தரும் அதே செயல் பேருந்தில் அடி வாங்கித்தரும். எல்லோரும் ஒரே மாதிரி கைகொடுத்து அல்லது கைகூப்பி வாழ்த்துவது என்று முடிவுசெய்து, சபையில் ஒருவர்கூட அதிலிருந்து மாறாதீர்கள். ஒருவர் கட்டிப்பிடிக்க அனுமதித்தாலும் இவருக்கு விதி குழம்பிவிடும்.

இதையெல்லாம் ஒரே ஆள் தலையில் கட்டினால் அந்த ஆள் ஒரு வருடத்துக்குள் ஓய்ந்துவிடுவார். நான்கு பேர், ஆளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. அதில் அம்மா இருக்கக் கூடாது. பல வருடங்களாக ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்காதவர் அவராகத்தான் இருப்பார்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதாவது இருக்கும். அவர் இல்லாத நாளைப் பற்றி இப்போதே பேச வேண்டும். மகன் எங்கே, யாரோடு வாழ விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு அந்த ஒரு பக்கத் தாளில் சேருங்கள். அந்த நாள் வரும்போது அவரைத் துக்க வீட்டிலிருந்து அப்புறப்படுத்தாதீர்கள். "அம்மா தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள்; எழுப்பப் போவார், வாசலில் மாதக்கணக்கில் காத்திருப்பார், அல்லது தானே தூங்கப் பயப்படுவார். "அம்மா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே அசையாது. திரும்பி வர மாட்டாங்க" என்று அவருக்கு நெருக்கமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தைகளில் மறுபடி சொல்ல வேண்டும். அடக்க ஆராதனைக்கும் அட்டைகள் செய்யுங்கள். விருப்பப்பட்டால் அவர் பெட்டியைத் தொடட்டும், மண் போடட்டும். துக்கம் சில சமயம் பல மாதம் கழித்துக் கோபமாகவோ சாப்பிட மறுப்பதாகவோ வெளிப்படும். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகம் கொடுக்கும் வேலை அவருடையதாகவே இருக்கட்டும். ஒரு வாரம் அவர் வரவில்லையென்றால் அன்று மதியமே யாராவது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.